கிணற்றடியில் தொடங்கும் வறட்சி: யாழ்ப்பாணத்தில் சுருட்டை முடியைப் பேணுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தலைமயிர் பிறவியிலேயே சுருட்டை. சின்ன வயதில் அம்மம்மா என்னைக் கிணற்றுக்கட்டில் இருத்திச் சிக்கெடுக்கும்போது நான் போட்ட கூச்சல் நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போது 14 ஆண்டுகளாக மற்றவர்களின் முடியைக் கழுவுவதும் வெட்டுவதும் பின்னுவதுமே என் தொழில். என் அறைக்கு வருகிறவர்கள் கதிரையில் இருந்த உடனே கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தினமும் எண்ணெய் வைக்கிறேன். பிறகும் முடி ஏன் வைக்கோல் போலக் கிடக்கிறது?

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. முடிக்குள் இருக்கும் ஈரம் தண்ணீர்தான். உள்ளே போன தண்ணீர் சட்டென்று வெளியேறாமல் மேலே படையிட்டுக் காப்பதும், இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்க விடுவதும்தான் எண்ணெயின் வேலை. காய்ந்த முடியில் காலையில் எண்ணெய் பூசினால் அது பளபளக்குமே தவிர, ஈரமாகாது. மாலைக்குள் தெருப்புழுதியும் சேர்ந்து பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கைப் போக்கக் கடுமையான ஷாம்பு, அது உண்டாக்கும் வறட்சிக்கு இன்னும் எண்ணெய் என்று ஆண்டுக்கணக்கில் இதிலேயே சுற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து, இரு விரலுக்கிடையில் வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள். பிறகு நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள். இரண்டாவது முறை விரலில் சற்றே தடுக்கும். இழையின் வெளிப்புறம் கிடுகு வேய்ந்த கூரை போல, மேலிருந்து கீழே சாய்ந்த மெல்லிய செதில்களால் ஆனது. கூரை படிந்து கிடந்தால் முடி வழுவழுக்கும், ஒளி பட்டால் மின்னும். செதில்கள் கிளம்பினாலும் உடைந்தாலும் முடி சொரசொரக்கும், சிக்குப்படும், உள்ளே போன நீரும் வேகமாக வெளியேறும். கையில் வறட்சி என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இந்தச் சொரசொரப்புத்தான். யாழ்ப்பாணக் காற்று பாலைவனக் காற்றன்று. மூன்று பக்கமும் கடலுள்ள குடாநாட்டின் காற்று. ஆகவே கூரையைப் பிய்ப்பது எது என்று தேடும்போது நான் முதலில் பார்ப்பது கிணற்றடியைத்தான். பெரும்பாலானவர்களின் முடி வறண்டு போவது, அதைக் கழுவும் அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

நேர்முடிக்காரருக்கு இந்தப் பாடு இல்லையே?

குறைவு. உச்சந்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய், நேரான முடியில் சீப்போடு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவும் அதை மறிக்கும். உச்சி பிசுபிசுக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கும். வளைவுகளில் இழை முறியவும் எளிது. முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளர்கிறது. 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள முடியின் நுனிக்கு ஐந்து வயது இருக்கும். ஐந்து வருட வெயிலையும் சீப்பையும் தாங்கிய பகுதி அது. கவனம் முழுவதும் நுனிக்குப் போகவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எங்கள் கிணற்று நீர்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான். பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கி, அதுவே கிணற்றில் ஊறுகிறது. கல்லுக்குள் தங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் வரும். உங்கள் வீட்டுக் கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரியும் வெள்ளைப் படை இருக்கிறதா? அந்தக் கல்சியமே உங்கள் முடியிலும் சிறிது சிறிதாகப் படிகிறது.

இந்த நீரோடு குளிக்கும் சவர்க்காரத்தைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத வெண்பசையாகும். வாளியின் உட்சுவரில் வளையமாக ஒட்டியிருக்குமே, அதுதான். நுரை வருவதற்கு முன் சவர்க்காரத்தின் ஒரு பங்கு இந்தப் பசையாகவே போய்விடும். எவ்வளவு அலசினாலும் முடியிலிருந்து முழுதாகப் போகாது. “நான் இயற்கையாகவே இருக்கிறேன், ஷாம்பு தொடமாட்டேன், சவர்க்காரம்தான்” என்று பெருமையாகச் சொன்ன ஓர் அக்காவின் முடியை உருவிப் பார்த்தேன். மெழுகு தடவிய நூல் போல விரலில் ஒட்டியது. தயவுசெய்து தலைக்குச் சவர்க்காரம் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

நீரை மாற்ற முடியாதே. என்னதான் செய்வது?

குளியல் முழுவதற்கும் நல்ல நீர் வேண்டியதில்லை. கடைசி அலசலுக்குக் கல்சியம் குறைந்த மெல்லிய நீர் இரண்டு லீட்டர் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வானத்திலிருந்தே கிடைக்கிறது. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் பிடித்து, துணியால் வடித்து, மூடி வையுங்கள். மூடுவதில் கவனக்குறைவு கூடாது, டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு திறந்த வாளியே போதும். மழைநீரில் அலசிய அன்று முடி தானாகவே வழுக்குவதைப் பார்த்தால், உங்கள் கிணற்று நீர் என்ன செய்கிறது என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.

மழையில்லாத மாதங்களில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியிலுள்ள மண்டி கலங்காமல் தெளிவை மட்டும் ஊற்றி எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். அந்தத் தெளிவில் லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி அல்லது வடித்த தேசிப்புளி கலந்து, முடியின் நடுவிலிருந்து நுனிவரை ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுங்கள். புளிப்பு படிவைக் கரைக்கும், கிளம்பிய செதில்களைப் படியவைக்கும். கிழமைக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

பல வருடப் படிவு இருந்தால் இதுவும் போதாது. ஈ.டி.டி.ஏ. என்ற பொருளை முக்கியமாகக் கொண்ட, கனிமப் படிவை நீக்குவதற்கென்றே செய்த ஷாம்புகள் இருக்கின்றன. மாதம் ஒரு முறை அதைப் போட்டு, உடனே கொண்டிஷனரும் வைக்கவேண்டும்.

தேசிக்காயை வெட்டி நேரே தலையில் தேய்க்கலாமா?

வேண்டாம். தேசிப்புளி மிகக் கடுமையான புளிப்பு; கீறல் உள்ள தோலில் எரியும், முடியையும் கரடாக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளிக்கும், பிறகு கறுத்த அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். நெற்றியோரத்திலும் கழுத்திலும் அப்படிக் கறுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கரைத்துப் பாவித்தாலும் நன்றாக அலசிய பிறகுதான் வெயிலில் இறங்கவேண்டும்.

தீவுப்பகுதியில் நீர் உவர். அங்கே?

புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் கோடையில் அந்த நன்னீர்ப் படை மெலிந்துவிடுகிறது. உப்பு நீர் முடியில் காய்ந்தால் உப்பு இழையிலேயே தங்கும். குடிநீரில் ஒரு லீட்டரைக் கடைசி அலசலுக்கென்று ஒதுக்குங்கள். அங்கே குடிநீரின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு லீட்டருக்கு மேல் கேட்கவில்லை.

எந்த எண்ணெய் நல்லது?

தேங்காயெண்ணெய், அதுவும் முழுகுவதற்கு முன். 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் கண்டறியும்படி குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். அதிலுள்ள லோரிக் அமிலம் சிறியது, நேரான சங்கிலி உடையது. இழைக்குள் நுழைந்து இருக்கும். முடி நீரில் ஊறினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். இந்தப் பருத்தலும் சுருங்கலும் கிழமைதோறும் நடந்தால் இழை தளர்ந்துபோகும். உள்ளே எண்ணெய் இருந்தால் பருப்பது குறையும். எனவே முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ, முதல்நாள் இரவோ, நடுமுடியிலிருந்து நுனிவரை பூசுங்கள்.

நல்லெண்ணெய் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்கும். சனி முழுக்கில் அதன் இதமும் மணமும் எனக்கும் பிடிக்கும், விடச் சொல்லமாட்டேன். ஆமணக்கெண்ணெய் மிகத் தடிப்பு. தனியே பூசினால் நுண்ணிய சுருளில் பசை போலப் பிடித்துச் சிக்காகிவிடும். தேங்காயெண்ணெயோடு கால் பங்கு கலந்து நுனியில் மட்டும் தொடலாம். முடி வளர்க்கும் என்று விற்கும் பச்சை, சிவப்பு எண்ணெய்ப் போத்தல்களுக்கு நான் பணம் கொடுக்கமாட்டேன்.

அரப்பும் சீயாக்காயும் ஷாம்புவைவிட மேலா?

சீயாக்காயின் நுரை சவர்க்காரம் போலக் கல்சியத்தோடு சேர்ந்து வெண்பசையாகாது. நம் நீருக்கு அது பெரிய நன்மை. ஆனால் கடையில் வாங்கும் தூளை அப்படியே தேய்த்தால் அதன் நார்த்துகள் செதில்களைச் சுரண்டும், சுருளுக்குள் புகுந்து மூன்று நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். அவித்து, துணியில் வடித்து, அந்தச் சாற்றை மட்டும் பாவியுங்கள். பயற்றம்மாவும் அப்படியே, தோலுக்கு நல்லது, சுருட்டை முடிக்கு வேண்டாம்.

நம் வளவிலேயே நிற்கும் உண்மையான பொக்கிஷம் செவ்வரத்தை. இருபது இலையைக் கழுவி, ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. இரண்டு நிமிடத்தில் நீர் தடித்து, விரலை உயர்த்தினால் நூலாக இறங்கும். அந்த வழுவழுப்புத்தான் மருந்து. வடித்து, கழுவிய ஈரமுடியில் ஊற்றி, விரலாலேயே சிக்கெடுங்கள். என் அம்மம்மா அரப்பில் இதைச் சேர்க்காத நாளில்தான் நான் அதிகம் கத்தியிருக்கிறேன் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊறவைத்து அரைத்த வெந்தயமும் இதே வேலையைச் செய்யும், அதையும் வடிக்கவேண்டும்.

கிழமைக்கு எத்தனை தரம் முழுகலாம்?

ஒன்று அல்லது இரண்டு. வியர்த்தால் இடையில் வெறும் நீரால் உச்சியை அலசலாம்.

கொண்டிஷனர் போட்டும் பயன் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலானவர்கள் அதை உச்சியில் பூசி, அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறார்கள். முடியை நான்காகப் பிரியுங்கள். ஒரு பகுதியை எடுத்து, நீர் சொட்டும் ஈரத்தோடேயே, நுனியிலிருந்து மேலே காதளவு வரை பூசுங்கள். பிறகு அகலப்பல் சீப்பை நுனியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் மேலே ஏற்றி வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே முடிச்சாகக் கீழே இறங்கும். மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். அலசும்போது ஈரமுடியைக் கையில் பொத்திப் பிழிந்தால் பாசி தொட்டது போல இருக்கவேண்டும். நீர் மட்டும் ஒழுகினால் இன்னும் கொஞ்சம் தேவை.

மகளுக்குப் பள்ளிக்கூடம். காலையில் முழுகவைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறேன். சரியா?

இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஈரமுடி இழுபடும், காய்ந்த முடியைவிட எளிதில் அறும். ஈரத்தோடு இறுக்கிப் பின்னி ரிபன் கட்டினால், காயும்போது அந்த இறுக்கம் இன்னும் கூடும். நெற்றியோரத்தில் மெல்லிய முடி உடைந்து குட்டையாக நிற்பதும், வகிடு அகலமாவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மத்தியானம் வரை காயாத பின்னலுக்குள் நாற்றமும் வரும்.

முதல்நாள் பின்னேரம் முழுகவையுங்கள். துவாயால் முறுக்கித் தட்டாதீர்கள்; துவாயின் சுருள்நூல் செதில்களைக் கொழுவி இழுக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டோ, அப்பாவின் பழைய பெனியனோ எடுத்து, கீழிருந்து மேலாகப் பொத்திப் பிழியுங்கள். நிழலில் காயட்டும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவி, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுப் படுக்கவிடுங்கள். தலையணைக்குப் பழைய பட்டுச்சேலையின் சரிகையில்லாத பகுதியில் உறை தைத்துக் கொடுங்கள். காலையில் கையை நனைத்துத் தடவி, பள்ளிக்கூடப் பின்னலைப் போட்டால் ஐந்து நிமிட வேலை.

வெளிநாட்டுப் பெண்கள் காணொளிகளில் சொல்லும் “தண்ணீர், எண்ணெய், கிரீம்” முறை நமக்கு ஒத்துவருமா?

முதலில் அது யாருடைய அறிவு என்பதைச் சொல்லவேண்டும். இரசாயனத்தால் முடியை நேராக்குவதை விட்டு, பிறந்தபடியே வைத்திருக்க முடிவெடுத்த ஆபிரிக்க வழிவந்த பெண்கள், தங்களுக்குள் பகிர்ந்து வளர்த்த முறை அது. அந்த முடியை அப்படியே வைத்திருந்ததற்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கப்பட்டு, 2019இல் கலிபோர்னியாவில் அதற்கெதிரான சட்டமே வரவேண்டியிருந்தது. “ஒழுங்கா நேராக்கு பிள்ளை, கலியாணம் வருகுது” என்று கேட்டு வளர்ந்த எனக்கு அவர்களிடம் நன்றியும் மரியாதையும் உண்டு.

முறையின் உயிர் வரிசையில் இருக்கிறது: முதலில் நீர், அதன் மேல் எண்ணெய், அதன் மேல் கிரீம். முதலில் நீர் என்பது நமக்கும் சரி. மேலே பூசுவதன் வரிசையும் அளவும்தான் வேறு. அவர்களின் நெருங்கிய சுருளுக்கு வேண்டிய தடித்த வெண்ணெய்களும் கிரீம்களும் நம்மில் பலரின் முடியைத் தொங்கவைத்துவிடும், நம் வியர்வையோடு சேர்ந்து உச்சியை அடைக்கும். கழுவியபின் நீர் சொட்டும் முடியில் ஒரு தேக்கரண்டி கழுவத் தேவையில்லாத கொண்டிஷனர், அதன் மேல் சில துளி எண்ணெய், அவ்வளவுதான். கிளிசரின் நிறையச் சேர்த்த பூச்சுகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாரியில் முடி ஊதிப் பிசுபிசுக்கும். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய போத்தல் அங்கே பனிக்காலத்துக்கு வாங்கியதாக இருக்கும். இங்கே அதில் பாதி போதும்.

முடி எவ்வளவு நீரை உறிஞ்சும் என்று அறிய, அதைத் தண்ணீர்க் குவளையில் போட்டு மிதக்கிறதா, தாழ்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பவேண்டாம். எண்ணெய்ப் படையும் காற்றுக்குமிழியுமே அதன் முடிவை மாற்றிவிடும்.

சோளகக் காற்றில் மோட்டார் சைக்கிளில் போகிறேன். முடி கயிறாகிவிடுகிறது.

வைகாசியிலிருந்து ஆவணிவரை வீசும் அந்தத் தென்மேற்குக் காற்றில் பறக்கவிட்ட முடி யாருக்கும் நிலைக்காது. தளர்வாகப் பின்னி நுனியைச் சட்டைக்குள் விடுங்கள். தலைக்கவசத்தின் உள்ளே மெல்லிய பட்டுத்துணி கட்டுங்கள். அந்தத் துணியைத் தினமும் தோயுங்கள்.

பொடுகு இருக்கிறது. உச்சி வறண்டதால்தானே? எண்ணெய் ஊறவைக்கலாமா?

உதிர்வதெல்லாம் வறட்சியன்று. பொடுகில் பெரும்பாலானது, எல்லார் தோலிலும் வாழும் ஒரு வகை நுண்பூஞ்சையாலும் அதற்குத் தோல் காட்டும் எதிர்ப்பாலும் வருவது. அந்தப் பூஞ்சைக்கு உணவே கொழுப்பு. இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால் அதற்கு விருந்து வைத்ததாகும். மஞ்சள் நிறத்தில் பிசுக்காக உரிந்து, அரிப்பும் இருந்தால், எண்ணெயை நுனியோடு நிறுத்துங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் கெற்றோகொனசோல் ஷாம்புவைக் கிழமைக்கு இரு முறை, ஐந்து நிமிடம் உச்சியில் விட்டுக் கழுவுங்கள். முடியின் நீளத்தில் கொண்டிஷனர் மட்டும்.

ஒரேயடியாக நேராக்கிவிட்டால் தொல்லை தீராதா?

நேராக்கும் மருந்து இழைக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் வேலை செய்கிறது. உடைந்த முடி முன்னைவிட வேகமாக நீரைக் குடித்து, வேகமாக இழக்கும். புதிதாக முளைப்பது சுருட்டையாகவே வரும். இரண்டும் சேரும் இடத்தில்தான் அறும். “கெரற்றின்” என்ற பெயரில் செய்யும் சிலவற்றில், சூடுபட்டால் போமல்டிஹைட் வாயு வெளியாகும் பொருட்கள் உண்டு. அந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கண் எரியும் ஓர் அறையில் நானும் ஒரு வருடம் வேலை செய்தேன். இப்போது என் அறையில் அதைச் செய்வதில்லை.

நிறையத் தண்ணீர் குடித்தால் முடிக்கு ஈரம் வருமா?

உடம்புக்கு நல்லது, குடியுங்கள். தோலுக்கு வெளியே வந்த முடிக்கு இரத்த ஓட்டம் கிடையாது; குடித்த நீர் நுனிக்குப் போகாது.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமை. பிள்ளை பெற்று மூன்று மாதமளவில் கொத்தாகக் கொட்டினால் பயப்படவேண்டாம், பெரும்பாலும் தானாகவே திரும்ப வரும். ஆனால் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, உச்சியில் புண்ணோ சீழோ இருந்தாலோ, வறட்சியோடு களைப்பும் உடல் எடை மாற்றமும் சேர்ந்தாலோ எண்ணெயை மாற்றிக்கொண்டிராதீர்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் முடியில்தான் முதலில் தெரிவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் பிடிபடும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும் அன்று தலையில் எண்ணெய் வைக்காமல், பின்னலை அவிழ்க்க இலகுவாகக் கட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் பார்க்கவேண்டியது உச்சந்தோலை.